கதைப்பின்னல் அட்டைப் பெட்டி: வாங்கலாமா?

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் 450 ரூபாய்க்கு ஓர் அட்டைப் பெட்டி கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கதை எழுதக் கற்றுக்கொடுப்பதற்கானது. உள்ளே ஐந்து நிறத்தில் 60 அட்டைகள், மலை வரைந்த பெரிய தாள் ஒன்று, ஆசிரியருக்கு 24 பக்கக் கையேடு. சஸ்பென்ஸ் சொல்லிக்கொடுக்க இதைத் தாராளமாக வாங்கலாம். சம்பவங்களை ஒன்றோடொன்று கோக்கும் கதைப்பின்னலுக்கு என்றால் அந்த மலைத்தாளைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம்.

அந்த மலை, ஜெர்மானியரான குஸ்டாவ் ஃபிரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை ஆராய்ந்து வகுத்தது. அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. உச்சம் நடுவில் நிற்கும். ஐந்து அங்க நாடகத்துக்கு அது சரி. கையேடு அதை அப்படியே இரண்டு பக்கக் கதைக்கும் வைக்கிறது. படத்தைப் பார்த்து எழுதும் பிள்ளை முதல் பக்கத்தின் கடைசியிலேயே திருடனைப் பிடித்துவிடும். மீதி ஒரு பக்கத்தில் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். 40 வரிக் கதையென்றால் 32ஆம் வரிக்கு முன்னால் முடிச்சு அவிழக் கூடாது என்று சொல்லிவிட்டால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

மலையை விடப் பொருத்தமான படம் நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளையும், அதாவது கதை நகரும் ஐந்து கட்டங்களையும், பயிரை வைத்தே விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கருக்கொண்டு உள்ளே பொருள் பொதிவது கருப்பம். கதிர் முற்றித் தலை தாழ்வது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லையும் பார்த்து வளரும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். மலைப்படத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: விதை. பிள்ளைகளின் கதைகளில் கடைசி வரியில் எங்கிருந்தோ ஒரு போலீஸ் மாமா வந்து காப்பாற்றுவார். அவரை யாரும் விதைக்கவில்லை. பிரச்சினை தீரும் வரியை அடிக்கோடிடச் சொல்லுங்கள்; அதற்கான விதை முதல் பத்து வரியில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் முடிவை மாற்ற வேண்டாம். தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இனி அட்டைகள். மஞ்சள் ஆள், பச்சை ஆசை, நீலம் இடம், சிவப்பு தடை. இவை எந்தக் கதைப் பெட்டியிலும் இருப்பவைதாம். ஐந்தாவதான வெள்ளை அட்டைகளில்தான் செய்தவர்களின் புத்தி தெரிகிறது. தலைப்பு ‘யாருக்குத் தெரியும்?’ மொத்தம் 12; வாசிப்பவருக்கு மட்டும் தெரியும், பாத்திரத்துக்கு மட்டும் தெரியும், இருவருக்கும் தெரியும், இருவருக்கும் தெரியாது என நான்கு வகை, வகைக்கு மூன்று.

இதை விளக்கத் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறை போதும். ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில் பக்கம் இரண்டு பையன்கள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென வெள்ளம் வருகிறது. இது அதிர்ச்சி, ஒரு வரியில் தீர்ந்துபோகும். அதையே, ஆற்றின் மேற்பக்கம் பாபநாசத்தில் அணை திறந்த செய்தியை வாசிப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிட்டு எழுதினால், பையன்கள் சோப்புப் போடுவதும் சட்டையைத் தேடுவதும்கூட வயிற்றைக் கலக்கும். சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டை வைத்துச் சொன்னதும் இதைத்தான்: சொல்லாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி, முன்பே காட்டிவிட்டால் பதினைந்து நிமிஷப் பதற்றம். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்க உட்காரும் கூட்டத்துக்கு, மாடுகளை மீட்கப் போன கதைநாயகன் முத்துப்பட்டன் திரும்ப மாட்டான் என்பது ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் விடிய விடிய யாரும் எழுந்து போவதில்லை.

40 நிமிஷப் பீரியடில் இப்படி நடத்தலாம். நாலு பேர் கொண்ட குழுவுக்கு நிறத்துக்கு ஒன்றாக ஐந்து அட்டை கொடுக்க ஐந்து நிமிஷம். எழுதப் பத்து. பிறகு வெள்ளை அட்டையை மட்டும் பக்கத்துக் குழுவோடு மாற்றி, அதே சம்பவத்தைத் திருப்பி எழுதப் பதினைந்து. மீதிப் பத்தில் இரண்டு குழு சத்தமாக வாசிக்கட்டும். கையேடு முதல் தடவையே ஐந்து நிறத்தையும் மாற்றச் சொல்கிறது. செய்யாதீர்கள். எதை மாற்றியதால் கதை மாறியது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும். வாசிப்பை நடுவில் நிறுத்தி “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். யாராலும் எதையும் ஊகிக்க முடியவில்லை என்றால் தகவல் போதவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் பெரிய சறுக்கல் வரும். சஸ்பென்ஸ் என்றால் எல்லாவற்றையும் மறைப்பது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். “அவன் அதை எடுத்தான். அது அங்கேயே இருந்தது.” யார், எதை, எங்கே? இதில் வருவது குழப்பம். பெயர், இடம், பொருள் மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடையைத் தள்ளிவைக்கப் பழக்க வேண்டும். கையேட்டின் ‘திடீரென’, ‘என்ன ஆச்சரியம்!’ பட்டியலையும் தவிர்த்துவிடுங்கள். அது பிள்ளையின் கையில் சிக்கினால் ஒரு பக்கத்தில் ஏழெட்டுத் ‘திடீரென’ வரும். அதற்குப் பதில், உதாரணமாகப் பூட்டைத் திறக்கும் ஒரு வரியை மட்டும் ஆறு வரியாக நீட்டச் சொல்லுங்கள்: சாவிக் கொத்து, பொருந்தாத முதல் சாவி, வாசலில் செருப்புச் சத்தம். அதற்கு முந்திய பயணத்தை இரண்டு வரியில் முடிக்கட்டும்.

சிவப்பு அட்டைகளில் ஐந்து, பனிப்புயல், கோட்டை நிலவறை என்று எங்கிருந்தோ வந்தவை. அவற்றின் பின்பக்கம் காலியாக இருப்பதால் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்: கடைசி டவுன் பஸ் போய்விட்டது, கொடைக் கூட்டத்தில் தம்பியைக் காணோம். அட்டையின் தடிமன் போதாது. ஈரக் கையில் ஓரம் சுருள்கிறது.

நாலு பேர் குழுவென்றால் ஒரு பெட்டி 40 பிள்ளைகளுக்கே தாங்கும். 40 பேர் வகுப்புக்கு இரண்டாவது பெட்டி வாங்க வேண்டாம். அட்டை குறைந்தால், அந்த நான்கு வெள்ளை வாசகங்களைச் சார்ட்டில் எழுதி, குழுவுக்கு ஒன்றாக வெட்டிக் கொடுத்தால் போதும். மற்ற நிறங்களைப் பிள்ளைகளே ஒரு பீரியடில் எழுதிவிடுவார்கள்.