ரூட் கெனால் முடிந்த பல்லுக்கு எந்த கேப்: மெட்டலா, செராமிக்கா, ஜிர்கோனியாவா?

என் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் ரூட் கெனால் செய்தார்கள். அதற்காகக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். பல்லின் மேல் உறை மாதிரி மாட்டும் கேப் மட்டும் பாக்கி. வலி நின்றதும், "அதான் போயிடுச்சே, இன்னாத்துக்குடா கேப்பு?" என்று நாலாவது தடவை வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. சில மாதம் கழித்து தட்டையைக் கடித்தபோது பல் வேர்வரை பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான். அதனால் மேல்வரிசைப் பல் ஒன்றுக்கு அதே சிகிச்சை வந்தபோது, எந்த கேப் என்று உட்கார்ந்து விசாரித்தேன்.

முதல் கேள்வி, கேப் தேவையா, வெறும் ஃபில்லிங் போதுமா என்பது. சொத்தை தின்றது போக, உள்ளே இருக்கும் நரம்பை எடுக்க மேலிருந்து குடைகிறார்கள். மிஞ்சும் சுவர் மெலிந்துவிடுகிறது. அதிகம் சேதமாகாத முன்பல் என்றால் நல்ல ஃபில்லிங்கோடு காலம் தள்ளலாம். மெல்லும் பாரமெல்லாம் விழுகிற கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் வேண்டும். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டால் ஓரத்தில் கசிந்து கிருமி உள்ளே போகும், செய்த சிகிச்சையே வீண்.

முழு மெட்டல் கேப்பை இப்போது பலரும் ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கேப் உட்கார இடம் விட, மெல்லும் பக்கத்தில் பல்லைச் சுமார் 1 மி.மீ. தேய்த்தால் போதும், சொந்தப் பல் அதிகம் மிஞ்சும். உடையாது. வாயின் கடைசிப் பல்லை யார் பார்க்கப்போகிறார்கள்? நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், கவரிங் நகை போட்டால் அரிக்கிறது என்பவர்கள், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கம் 'செராமிக் கேப்' என்று சொன்னால் பெரும்பாலும் உள்ளே உலோகம், மேலே பீங்கான் பூசியதுதான். இரண்டு அடுக்குக்கும் இடம் வேண்டும் என்பதால் 1.5 முதல் 2 மி.மீ. வரை தேய்ப்பார்கள். பல ஆண்டுகள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆம்பூர் பிரியாணியில் எலும்பைக் கடித்து உறிஞ்சும் பழக்கம் உள்ளவருக்கு மேல் பீங்கான் சில்லு பெயரும் ஆபத்து இருக்கிறது. வயதாகி ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடும் தெரியும்.

ஜிர்கோனியா என்பது உலோகம் சேராத, கெட்டியான வெள்ளைப் பீங்கான் வகை. ஒரே கட்டியாகக் கடைந்தெடுத்த ஜிர்கோனியாவில் பெயர மேல்பூச்சே இல்லை, கறுப்புக் கோடும் வராது. விலை கூடுதல். கடி சரியாக அமையாமல் டாக்டர் கேப்பை உரசிச் சரிசெய்தால், அந்த இடத்தை மறுபடி வழவழப்பாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும். பின்னால் ரூட் கெனாலை மறுபடி செய்ய நேர்ந்தால் இதைத் துளைப்பதும் சிரமம்.

அம்மாவின் பல் சிரித்தால் தெரியும் இடம், அதனால் ஜிர்கோனியா போட்டோம். கடைசிக் கடைவாய்ப் பல் என்றால் யோசிக்காமல் மெட்டல் என்றிருப்பேன்.

சரி, கேப் எதுவானாலும் சொத்தை வராது என்று நினைக்காதீர்கள். கேப்பும் ஈறும் சேரும் விளிம்பில் இருப்பது சொந்தப் பல்தான். அங்கே சொத்தை பிடித்தால் கூச்சமோ பல்வலியோ காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் உள்ளே நரம்பு இல்லை. ஆற்காடு மக்கன் பேடா மாதிரி ஒட்டுகிற இனிப்பைச் சாப்பிட்டதும் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். அம்மா விடாத சொரசொரப்பான பல்பொடியை மாற்றி, மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட், இரவிலும் துலக்குவது என்று ஆக்கினேன். பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் நூலா, குட்டி பிரஷ்ஷா என்றால், நெருக்கமான இடுக்குக்கு நூல், ஈறு இறங்கி இடைவெளி விழுந்த இடத்துக்கு பிரஷ். அம்மாவுக்கு நூல் கைவரவில்லை. இடைவெளியும் இருந்ததால் பிரஷ்தான் ஒத்துவந்தது.

அப்புறம் எக்ஸ்ரே. வேர் நுனியில் எலும்பு ஆறியிருக்கிறதா என்பதைச் சுமார் ஒரு வருடம் கழித்துப் பார்க்கச் சொன்னார்கள். வலி இல்லை என்று அம்மா இந்தத் தடவையும் சொல்லத்தான் செய்தார். பஸ் டிக்கெட்டை நானே எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினேன்.