இரு நிரல் அட்டவணையா, வென் வரிப்படமா?

கதைகளை ஒப்பிடப் பழக்குவதற்குத் திருகோணமலைப் பிள்ளைகளிடம் ஊர்க்கதைகளே இரண்டு உண்டு. நோயுற்ற தாய் கோணேசரை வழிபட வேண்டும் என்று இராவணன் மலையையே பெயர்க்க முனைந்து வாளால் வெட்டியது ஒன்று. இறந்த தாய்க்குக் கிரியை செய்ய நீர் வேண்டிக் கன்னியாவில் ஏழு இடங்களில் குத்த, வெந்நீர் பீறிட்டது மற்றது. குத்தியது வாளாலா சூலத்தாலா என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதலிலேயே ஒரு வடிவத்தைச் சொல்லி வைக்காவிட்டால், 'எங்கட அம்மம்மா அப்படிச் சொல்லேல்ல' என்பதிலேயே பாடவேளை போய்விடும்.

தரம் 2இல் அட்டவணைதான் முதலில் வர வேண்டும். யார், எங்கே, யாருக்காக, என்ன செய்தார், முடிவில் என்ன என ஐந்து நிரைகள் போதும். கேள்வி இல்லாமல் விட்டால் பிள்ளை ஒரு பக்கம் 'வாள்' என்றும் மறுபக்கம் 'சுடுதண்ணி' என்றும் எழுதிவிட்டு ஒப்பிட்டதாக நினைக்கும். ஆனால் 'இராவணன்' என்று இரு நிரலிலும் எழுதிய பிறகும், இரண்டும் ஒன்று என்பது அதற்குப் படாது. அட்டவணையின் குறை அதுதான்.

வென் வரிப்படம் என்பது ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிய இரண்டு வட்டங்கள், கதைக்கு ஒன்று. வட்டங்கள் சேரும் நடுப்பகுதியில் ஒற்றுமைக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. 1880இல் ஜோன் வென் அதை எழுதியது தர்க்கத்துக்காக, ஏழு வயதுக்காரருக்காக அல்ல. கொப்பியில் வரையச் சொன்னால் நடுப்பகுதி நகம் அளவுதான் வரும். பிள்ளை அதை வெறுமையாக விடும், அல்லது 'இரண்டும் கதை' என்று நிரப்பும். பிரிஸ்டல் போர்ட்டைக் குறுக்காக வைத்து, 20 செ.மீ. நூலால் இரண்டு வட்டங்கள் போடுங்கள். மையங்களுக்கு இடையே 25 செ.மீ. விட்டால் நடுவில் 15 செ.மீ. அகலம் கிடைக்கும்.

இரண்டையும் இணைப்பதே எங்கள் தெரிவு. அட்டவணை விடைகளைத் துண்டுகளாக வெட்டி வட்டங்களுக்குள் வைக்கச் சொல்லுங்கள். 'இராவணன்' துண்டு இரண்டு வரும். ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை நடுவில் வைக்கும்போதுதான் ஒற்றுமை கைக்குப் புரிகிறது. சிக்கல் 'யாருக்காக' நிரையில். 'நோயுற்ற தாய்', 'இறந்த தாய்' என்ற துண்டுகளை முழுதாக நடுவில் வைத்தாலும் பிழை, வெளியே வைத்தாலும் பிழை. கத்தரியைக் கொடுங்கள்: 'தாய்' நடுவுக்கு, 'நோயுற்ற' இடப்பக்கம், 'இறந்த' வலப்பக்கம். இப்படி ஒரு துண்டைப் பிரித்துப் பார்க்க அட்டவணையில் வழியில்லை.

பசையை மட்டும் கடைசியில் கொடுங்கள். ஒரே துண்டு இரண்டு மூன்று தடவை இடம் மாறும்.