லைவ் தெரிந்தது, பதிவு இல்லை: வீட்டில் சிசிடிவி போட்டவர்கள் இன்றே ஒருமுறை பாருங்கள்

வீட்டில் கேமரா வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். போனில் இருக்கும் ஆப்பில் ‘பிளேபேக்’கைத் திறந்து, நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வாசல் எப்படி இருந்தது என்று பாருங்கள். லைவ் வேண்டாம். நேற்றையதைப் பாருங்கள். படம் வந்தால் நிம்மதி. வரவில்லை என்றால் 2025 மே மாதம் வரை எங்கள் வீடு இருந்த நிலையில்தான் உங்கள் வீடும் இருக்கிறது.

நாங்கள் இருப்பது திருச்சியில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, புதிதாக மனை போட்ட பகுதி. பக்கத்து இரண்டு மனைகளும் காலி, கருவேலம் மண்டிக் கிடக்கும். வீட்டில் நான், அம்மா, ஏழாவது படிக்கும் மகள். எங்கள் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மூன்று பெண்கள் தனியாக இருக்கும் வீடு என்பதால்தான் 2023 செப்டம்பரில் கேமரா போட முடிவு செய்தோம். தெரிந்தவர் சொல்லி ஒரு தம்பி வந்தார். பேச்சு நன்றாக இருந்தது. கேட், போர்டிகோ, கொல்லைப்புறம், ஹால் என்று நான்கு கேமரா, படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் ஒன்று, அந்தப் பதிவு சேரும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், வயர், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 24,500 ரூபாய். “30 நாள் பதிவு இருக்கும்க்கா, கவலையே வேணாம்” என்றார். பில் கேட்டதற்கு லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தார். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, எந்தப் பொருளுக்கும் சீரியல் எண் இல்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை.

ஒரு வருடம் பிரச்சினை இல்லை. 2024 நவம்பரில் ஒருநாள் டிவி ஸ்டாண்டில் இருந்த டிவிஆர் ‘டீக்... டீக்...’ என்று கத்த ஆரம்பித்தது. விடாமல் கத்தியது. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன், மறுநாள் வந்தார். மவுஸை எடுத்து மெனுவுக்குள் போய் ஏதோ செய்தார், பத்து நிமிடத்தில் சத்தம் நின்றது. “சாஃப்ட்வேர் பிரச்சினைக்கா, அப்டேட் பண்ணிட்டேன்” என்று சொல்லி 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். காபி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் என்ன செய்தார் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டிவிஆருக்குள் ‘எக்செப்ஷன்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் சத்தம் போட்டு வீட்டுக்காரர்களை எச்சரிக்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அங்கேதான் உண்டு. அந்த ‘டிக்’ குறியை மட்டும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது, அதைத்தான் பெட்டி கத்திக் கத்திச் சொன்னது. மாற்றிக் கொடுத்தால் கைக்காசு போகும் என்று வாயைக் கட்டிவிட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டாலும் கேமரா ஓடும். டிவியில் நான்கு கட்டமும் தெரியும், போனிலும் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் தினமும் படுக்கப்போகுமுன் ஷார்ஜாவிலிருந்து வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பார். தெளிவாகத் தெரியும். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அத்தனை பேரும் நம்பினோம்.

2025 மே மாதம் கோயில் திருவிழாவுக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். மூன்று ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். “கொல்லைக் கதவு தெறந்து கெடக்குது, நீங்க வந்துட்டீங்களா?” என்று கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பி உடைத்திருந்தார்கள். பீரோ கதவு வளைந்து தொங்கியது. அம்மாவின் ஆறரைப் பவுன், பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த 40,000 ரூபாய் இரண்டும் போய்விட்டன. மகளின் பள்ளிப் பையைக்கூடக் கொட்டித் தேடியிருந்தார்கள். அவளுடைய கலர் பென்சில்கள் படுக்கை முழுக்கச் சிதறிக் கிடந்தன. பிறகு பல ராத்திரி அவள் அந்த அறையில் படுக்கவே இல்லை.

போலீஸ் வந்தார்கள். கைரேகை எடுக்க ஆள் வந்தார், மோப்ப நாய் வந்தது. எஸ்.ஐ. “கேமரா இருக்காம்மா?” என்று கேட்டார். “நாலு இருக்கு சார், கொல்லையிலேயும் இருக்கு” என்றேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே தெம்பு அதுதான். அவரே மவுஸைப் பிடித்து பிளேபேக்கைத் திறந்தார். ஒரு காலண்டர் வந்தது. பதிவு இருக்கும் தேதிகளுக்குக் கீழே நிறம் மாறியிருக்கும். மே மாதம் முழுக்க வெறும் தேதிகள். ஏப்ரல், மார்ச், பிப்ரவரி என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார். நவம்பர் 11இல்தான் கடைசியாக நிறம் இருந்தது. மவுஸை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திருடர்கள் எத்தனை பேர், எந்த ராத்திரி வந்தார்கள் என்பதுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பிறகு வேறொரு டெக்னீஷியனை வரவழைத்தேன். வயதானவர், பொறுமையாக எடுத்துக் காட்டினார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். லேபிளில் தயாரித்த வருடம் 2016. கம்ப்யூட்டரில் மாட்டி, அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று எடுத்தார். 46,000 மணிக்கு மேல். எங்கள் வீட்டில் மாட்டி 20 மாதம், ராப்பகலாக ஓடியிருந்தாலும் 15,000 மணியைத் தாண்டாது. அதாவது வேறெங்கோ மூன்றரை வருடம் உழைத்து ஓய்ந்ததை எங்களிடம் புதுசு என்று விற்றிருக்கிறார். சிசிடிவிக்கென்று 24 மணி நேரமும் எழுதத் தாங்கும் ஹார்ட் டிஸ்க் தனியாக வருகிறது. இது அதுவும் இல்லை, சாதாரணக் கம்ப்யூட்டருக்கானது.

30 நாள் என்றாரே, அதுவும் கணக்குக்கு நிற்கவில்லை. எங்கள் செட்டிங்கில் ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதுகிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி, நான்கு கேமராவுக்கு 170 ஜிபிக்கு மேல். 1 டிபி ஆறு நாள்கூடத் தாங்காது, பழையதை அழித்து மேலே எழுதிவிடும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் பெரிய டிஸ்க்காக வாங்கியிருப்போம்.

வயரிலும் ஏமாற்று. அதை வெட்டி, கத்தியால் சுரண்டிக் காட்டினார் அந்தப் பெரியவர். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். ராத்திரியில் கொல்லைக் கேமரா அடிக்கடி விட்டுவிட்டுத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், கரண்ட் அதிகம் வேண்டும், நீளமான அலுமினிய வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். எப்போது கண் வேண்டுமோ அப்போது கண் மூடிக்கொள்கிற கேமரா.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் அடுத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் டிவிஆர் அந்தத் தம்பியின் ஆப் கணக்கில்தான் பதிவாகி இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் போனில் இருந்தது அந்தத் தம்பி ‘ஷேர்’ செய்து கொடுத்த பார்வை மட்டுமே. அதாவது 20 மாதமாக எங்கள் ஹாலையும், நாங்கள் எப்போது வீட்டில் இருக்கிறோம், எப்போது இல்லை என்பதையும் அவர் நினைத்தால் பார்த்திருக்க முடியும். பாஸ்வேர்டும் அவருடைய செல் நம்பரேதான். திருட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டின் சாவியை எங்களுக்கே தெரியாமல் கையில் வைத்திருந்தார், அது உண்மை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் வெளியான செய்தியைப் படித்திருப்பீர்கள். நாங்களும் படித்தோம், நமக்கென்ன என்று கடந்துபோனோம். உங்கள் ஆப்பைத் திறந்து, டிவிஆர் யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஷேர்டு’ என்று காட்டினால் போட்டவரைக் கூப்பிட்டு, உங்கள் கண்முன் அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் சேருங்கள். பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள். ஹாலிலும் படுக்கையறைப் பக்கமும் கேமராவே வேண்டாம் என்பது என் கருத்து.

அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். “ஹார்ட் டிஸ்க்குக்கு வாரண்டி முடிஞ்சிருச்சுக்கா” என்றார். பழைய டிஸ்க் பற்றிக் கேட்டதும் வைத்துவிட்டார், அதன்பின் எடுக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். லெட்டர் பேடு பில்லை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயந்தேன். ஆனால் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலைப்பட்டியல், அதில் ‘நியூ 1 டிபி’ என்ற வார்த்தை, ஜிபேயில் பணம் போன விவரம் எல்லாம் இருக்கின்றன. பழைய டிஸ்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

எஸ்.ஐ. கிளம்பும்போது சொன்னது மனதில் நிற்கிறது. “வெளிய பூட்டுத் தொங்குனா வீட்ல ஆளில்லன்னு எழுதி ஒட்டுன மாதிரிம்மா. ஊருக்குப் போனா ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, ரோந்து வர்றவங்க எட்டிப் பாப்பாங்க.” கேமராவுக்கு 24,500 கொடுத்த நாங்கள் கொல்லைக் கதவுக்கு ஐந்நூறு ரூபாய் செலவழிக்கவில்லை. இப்போது அந்தக் கதவுக்கு உள்பக்கம் குறுக்கே இரும்புப் பட்டை போட்டாயிற்று. முன்கதவில் தொங்குபூட்டை எடுத்துவிட்டு, பூட்டியது வெளியே தெரியாத பூட்டு வைத்திருக்கிறோம். மிச்ச நகை லாக்கருக்குப் போய்விட்டது. டிவிஆரை ஹாலிலிருந்து எடுத்துப் பரணில் பூட்டி வைத்தோம், அதன் எச்சரிக்கைச் சத்தம் மீண்டும் ‘ஆன்’ ஆகிவிட்டது.

அம்மாவுக்கு வயது 68. மவுஸ் பிடிக்கத் தெரியாது. மகள் கற்றுக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கேமராவிலும் முந்தின ராத்திரி இரண்டு மணியைத் தேடி எடுக்கிறார். போன வாரம் கொல்லைக் கேமரா முன்னால் சிலந்தி வலை கட்டியிருந்ததையும், அங்கே வந்த பூச்சிகள் படத்தையே மறைப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஒட்டடைக் கம்போடு நான் கொல்லைக்குப் போனபோது உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “இன்னும் கொஞ்சம் எடது பக்கம்... ஆங், இப்பத் தெரியுது.”