நுவரெலியாவில் அறை முற்பதிவு செய்து 37,500 ரூபாவை இழந்தேன்: பார்வையற்றோர் கவனிக்கவும்

மூன்று நாட்களாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. விடுதி அறைகளை முற்பதிவு செய்து தரும் செயலி ஒன்றில் நான் 37,500 ரூபாவை இழந்திருக்கிறேன். செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானை நம்பி அறை பதிவு செய்யும் ஏனையோருக்குச் சில ஆலோசனைகளை இறுதியில் தருகிறேன்.

எனக்குப் பார்வை இல்லை. ஹட்டனில் வசிக்கிறேன். கையடக்கத் தொலைபேசியில் டோக்பேக் என்ற திரைவாசிப்பானின் துணையோடு வங்கி வேலை, மின்கட்டணம், ரயில் நேரம் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்பவன். சீதா எலிய அம்மன் கோயிலுக்கு அம்மாவுக்கு நெடுநாளாக ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. ஏப்ரல் பருவகாலத்தில் நுவரெலியாவில் அறை கிடைப்பது சிரமம் என்பதால், மார்ச் மாதமே ஏப்ரல் 18 ஆம் திகதிக்கு அறை எடுக்க முனைந்தேன்.

அந்தச் செயலியின் நாட்காட்டியில் ஏப்ரலும் மே மாதமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்திருக்கின்றன. ஆனால் டோக்பேக் மாதத்தின் பெயரைச் சொல்லவேயில்லை. "பதினேழு", "பதினெட்டு" என்று எண்களை மட்டும் வாசித்தது. அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானுக்கும் பெயர் இல்லை. ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுதுவதென்பது நிரல் எழுதுபவருக்கு ஒரு வரி வேலை என்பதை, அந்தத் துறையில் இருக்கும் நண்பர்கள் வழியாக நான் அறிவேன். அந்த ஒரு வரியை எழுதாதவர்கள் எனக்குத் திகதியை மறைத்துவிட்டார்கள்.

சந்தேகம் இருந்தபடியால் பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். எனக்குப் பார்வை இல்லை என்றும், திகதி சரியா என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டேன். மறுமுனையில் பேசிய பெண் மிகவும் கனிவாக, "எல்லாம் சரியாத்தான் இருக்கு சேர், பயப்படாம கட்டுங்க, திகதிய பிறகும் மாத்திக்கலாம்" என்றார். அந்தக் கனிவான குரலை நம்பித்தான் பற்று அட்டையின் இலக்கங்களைப் பதிந்தேன். அதை நினைக்கும்போதுதான் நெஞ்சு இப்போதும் எரிகிறது. பணம் போன பிறகு வந்த உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் முழுவதும் ஒரே படமாக இருந்தது. அதில் டோக்பேக்கால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை. அன்றே யாரிடமாவது காட்டியிருக்க வேண்டும். தொலைபேசியில் உறுதி சொல்லிவிட்டார்களே என்று இருந்துவிட்டேன்.

தலவாக்கலை, நானுஓயா வழியாகப் பேருந்தில் சென்று, மழையில் நனைந்தபடி மாலை ஆறு மணிக்கு விடுதியில் இறங்கினோம். வரவேற்பு மேசையில் இருந்தவர் பதிவைப் பார்த்துவிட்டு, அது மே 18 ஆம் திகதிக்கு உரியது என்றும், அன்றிரவுக்கு ஓர் அறையும் மீதமில்லை என்றும் சொன்னார். அந்தக் குளிரில் அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "விடுப்பா, கந்தப்பளையில சித்தி வீடு இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் தொடங்கியது அலைக்கழிப்பு. விடுதிக்காரரிடம் கேட்டால் பணம் செயலியிடம் இருக்கிறது என்கிறார். செயலிக்காரர்களிடம் கேட்டால் அது விடுதியின் விதி என்கிறார்கள். பணம் மீளளிக்கப்படாது, திகதியும் மாற்றப்படாது என்ற நிபந்தனை முற்பதிவுப் பக்கத்திலேயே இருந்ததாம், அதுவும் படத்துக்குள். நான் முன்பு பேசிய அழைப்பைப் பற்றிக் கேட்டபோது, அப்படியொரு பதிவு தங்களிடம் இல்லை என்றார்கள். பிழை தெரியும் திரையைப் படம் பிடித்து அனுப்பும்படி மூன்று முறை கேட்டார்கள். என்னால் பார்க்க முடியாத திரையில் எந்த இடத்தை நான் படம் பிடிப்பது? முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினால், இறுதியில் வீதிச் சமிக்ஞை விளக்குகள் உள்ள படங்களைத் தெரிவு செய்யச் சொல்கிறது. ஒலி வழி மாற்று எதுவும் இல்லை. 37,500 ரூபாவை வாங்குவதற்கு என் பார்வையின்மை அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. திருப்பிக் கேட்கும்போது மட்டும் கண் தேவைப்படுகிறது.

இது தெரியாமல் நடக்கும் தவறு அல்ல. பணப் பொறுப்பு ஏற்படும் பக்கங்களில், பயனர் விவரங்களைச் சரிபார்த்துத் திருத்தவோ, அனுப்பியதை மீளப் பெறவோ வழியிருக்க வேண்டும் என்று இணையத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும் சர்வதேச இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி (WCAG) 2008 இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளும் ஏனையோரைப் போலவே விடுதி அறையை முற்பதிவு செய்ய வழி இருக்க வேண்டும் என்ற விதி 2012 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; 2006 இல் அணுகல் ஒழுங்குவிதிகளும் வந்தன. ஆனால் அவ்விதிகள் பேசுவது சாய்தளத்தையும் கழிவறையையும் கதவின் அகலத்தையும்தான். அவை கட்டாயம் தேவை. ஆயினும் இன்று விடுதியின் முதல் வாசல் தொலைபேசித் திரையில் இருக்கிறது.

ஆலோசனைகளை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது மனம் ஒருநிலைப்படவில்லை. டோக்பேக் மாதத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள். விடுதிக்கே நேரடியாக அழைத்துத் திகதியைக் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் உறுதியை நம்பாமல் எழுத்தில் குறுஞ்செய்தியாகக் கேட்டு வாங்குங்கள். பணம் மீளளிக்கப்படாது என்ற நிபந்தனையுள்ள அறையைத் தொடாதீர்கள். நாளை காலை நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கிறேன். 37,500 ரூபா இன்னும் வரவில்லை.