குன்னூர் பழஞ்சாமான் கடைக் கூடைகள்: சீட்டை விட்டுக் கணுவைப் பாருங்கள்

குன்னூரில் பழைய சாமான் விற்கும் இந்தச் சின்னக் கடையில் கூடைகளுக்கென்றே ஒரு சுவரை ஒதுக்கியிருக்கிறார்கள். சரக்கு அருமை. ஆனால் எந்த ஊர், யார் முடைந்தது என்று சொல்லிக் கட்டியிருக்கும் சீட்டுகளில் பாதி தப்பு. சீட்டைத் திருப்பிவிட்டுக் கூடையைக் கையில் எடுங்கள்.

முதலில் மூங்கிலா பிரம்பா என்று பாருங்கள். மூங்கில் சிம்பில் (பிளந்த மெல்லிய பட்டையில்) கணு வருகிற இடமெல்லாம் குறுக்கே மேடு தட்டும். நகத்தால் வருடினாலே தெரியும். பிரம்பு நார் நீளத்துக்கும் வழவழவென்று ஓடும். வெட்டுமுனையில் லென்ஸை வையுங்கள். மூங்கிலில் நார்க்கற்றைப் புள்ளிகள் தோல் பக்கம் நெருங்கி, உள்பக்கம் விலகியிருக்கும். பிரம்பில் ஏறக்குறையச் சீராகப் பரவியிருக்கும். 'குறும்பர் பிரம்புக் கூடை' (குறும்பர் நீலகிரிக் காட்டுப் பழங்குடியினர்) என்று சீட்டுத் தொங்கும் பெரிய கூடைக்கு உடம்பு முழுக்க மூங்கில். வாய்க்கட்டு மட்டுமே பிரம்பு. வளைத்துச் சுற்ற அதுதான் சரி, வேலையும் நேர்த்தி. விலையைப் பிரம்புக்குப் போட்டிருப்பதுதான் நியாயமில்லை.

'தோடர் கூடை' என்ற சீட்டு இன்னும் சிக்கல். தோடர் எருமை வளர்க்கும் நீலகிரிப் பழங்குடியினர். தேன், பிரம்பு, கூடை எல்லாம் அவர்களுக்கும் அந்த மலையின் விவசாயிகளான படகர்களுக்கும் குறும்பர்களிடமிருந்து வந்தன. தோடர் வீட்டில் கிடைத்தது என்பது புழங்கியவரைச் சொல்லும், முடைந்தவரைச் சொல்லாது. வாங்குமுன் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

'கொடைக்கானல் பழங்குடிப் பெட்டி' என்று வைத்திருப்பது சாயம் ஏற்றிய பனை ஓலை. அந்தக் குளிர்மலையில் பனை ஏது? அது செட்டிநாட்டுக் கொட்டான் வகை. கூம்பாக அடி குறுகி, நெற்றிப்பட்டையோடு தொங்குவது வடகிழக்கு மலைச் சுமைக்கூடை. மேகாலயாவின் காசி மக்கள் முதுகில் சுமப்பது அந்த வடிவம்தான். அதைக் 'கொழுந்துக் கூடை, 1830' என்கிறது சீட்டு, தேயிலை பறிக்கும் கூடையாம். நீலகிரியில் வணிகத் தேயிலைத் தோட்டம் தலையெடுத்ததே 1850-களின் கடைசியில்தான்.

வயதுக்கு நிறத்தை நம்ப வேண்டாம். அடுப்புக்கு மேல் பரணில் கிடந்த கூடையில் கரி பின்னல் இடுக்கில் தடித்தும், கை படும் விளிம்பில் தேய்ந்து பளபளத்தும் இருக்கும். சாயம் பூசியது எங்கும் ஒரே கறுப்பு. அடியில் ஈரப் பஞ்சை ஒற்றினால் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். கத்தியில் பிளந்த சிம்பு அகலத்தில் கொஞ்சம் ஏறி இறங்கும். இயந்திரத்தில் வார்ந்தது ஒரே அளவு. நைலான் நூல் கட்டு இருந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள், பிற்காலத்தில் விளிம்பை மட்டும் பழுது பார்த்திருக்கலாம். அடிப்பின்னலிலும் நைலான் ஓடினால் அது புதுக்கூடை.

மூங்கிலைத் துளைக்கும் உளுப் பூச்சி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெள்ளைத் தாளின் மேல் கூடையைத் தட்டினால் மாவு மாதிரி வெளிர்மஞ்சள் தூள் கொட்டுகிறதா? பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காயப்போட்டால் சிம்பு விரிசல் விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

கூடையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்க விடுகிறார்கள், லென்ஸ் வைத்தாலும் முகம் சுளிப்பதில்லை. சீசன் கூட்டத்தில் அதற்கு இடமிருக்காது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.