சுற்றிச் சுற்றி ஓடும் கணக்குகளுக்கு அப்பாச்சி ஸ்பார்க் எப்படி?

அப்பாச்சி ஸ்பார்க் என்பது பெரிய தரவைப் பல இயந்திரங்களில் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள். பேஜ்ரேங்க் (இணைப்புகளை வைத்துப் பக்கங்களுக்குத் தரமதிப்பு போடுவது), கே-மீன்ஸ் (தரவை மையங்களைச் சுற்றிக் குழுக்களாகப் பிரிப்பது), லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம், இல்லை என்று கணிப்பது) எல்லாம் ஒரே தரவின் மேல் இருபது, முப்பது சுற்று ஓடி விடையை நெருங்கும் கணக்குகள். ஸ்பார்க்குக்கு முன்பே இருந்த கருவியான ஹடூப் மேப்ரெட்யூஸில் ஒவ்வொரு சுற்றும் ஒரு தனி ஜாப் (முழுதாக ஓடி முடியும் ஒரு வேலை). விடையை எச்டிஎஃப்எஸ்ஸில் (பல இயந்திரங்களின் வட்டுகளில் பரவிய கோப்பமைப்பு) எழுதி, அடுத்த சுற்றில் அதையே மறுபடி வாசிக்க வேண்டும். இந்த அலைச்சலைத் தீர்ப்பதை முக்கிய நோக்கமாகக் கொண்டுதான் 2009-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பார்க் வேலை தொடங்கியது. தரவை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு சுற்றலாம் என்ற வாக்கை அது நன்றாகவே காப்பாற்றுகிறது. ஒரே இயந்திரத்தில் அடங்காத தரவுக்குத் தயங்காமல் எடுக்கலாம். அடங்கும் தரவுக்கு வேண்டாம், டாஸ்க் பிரித்துக் கொடுக்கும் செலவே கணக்கை மிஞ்சிவிடும்.

ஒன்று மட்டும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்: நீங்கள் சுழல்கிறீர்கள் என்பது ஸ்பார்க்குக்குத் தெரியாது. லூப் இருப்பது டிரைவர் நிரலில், அதாவது மற்ற இயந்திரங்களுக்கு வேலை ஏவும் உங்கள் நிரலில். ஸ்பார்க் பார்ப்பதெல்லாம் நீண்டுகொண்டே போகும் கணக்குப் படிகளின் ஒரே சங்கிலியைத்தான். வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளம்புகின்றன.

முதலில் கேஷ், அதாவது கணக்கிட்டதை நினைவகத்தில் வைத்துக்கொள்வது. மாறாத தரவை லூப்புக்கு வெளியே ஒருமுறை பெர்சிஸ்ட் (கேஷில் வைக்கச் சொல்லும் கட்டளை) செய்தால் போதும். சுற்றுக்குச் சுற்று மாறும் தரவில்தான் பலர் வழுக்குகிறார்கள். புதியதைப் பெர்சிஸ்ட் செய்து, விடை கேட்டால்தான் ஸ்பார்க் கணக்கிடும் என்பதால் கவுன்ட் போன்ற ஒரு ஆக்‌ஷனால் அதை உண்மையாகவே கணக்கிட வைத்து, அதன் பிறகுதான் பழையதை அன்பெர்சிஸ்ட் செய்ய வேண்டும். ஆக்‌ஷனுக்கு முன்பே பழையதை விடுவித்தால், கேஷில் இருந்தது போய், முந்தைய சுற்றின் கணக்கு மறுபடி நடக்கும். விடை சரியாகவே வரும், நேரம் மட்டும் ஏறும். அதனால் கண்டுபிடிப்பது கடினம். ஸ்பார்க் யூஐ என்ற கண்காணிப்புத் திரையின் ஸ்டோரேஜ் பக்கத்தைப் பார்த்தால் பிடிபடும்.

அடுத்து ஷஃபிள், அதாவது தரவை இயந்திரங்களுக்கு இடையே மாற்றி அடுக்குவது. பேஜ்ரேங்கில் இணைப்புப் பட்டியல் பெரிது, தரமதிப்பு சிறிது. பட்டியலை முதலிலேயே ஹேஷ் பார்ட்டிஷனர் (எந்தச் சாவி எந்தப் பகுதிக்கு என்று முடிவு செய்வது) கொண்டு பிரித்துக் கேஷ் செய்துவிட்டு, ஒரே சாவியின் மதிப்புகளைத் திரட்டும் ரிட்யூஸ்பைகீக்கும் அதே பார்ட்டிஷனரைக் கொடுத்தால், இரண்டையும் சாவி பார்த்து இணைக்கும் ஜாயினில் பட்டியல் நகரவே நகராது. செய்யாவிட்டால் அவ்வளவு பெரிய பட்டியலும் ஒவ்வொரு சுற்றிலும் நெட்வொர்க்கில் ஓடும். மதிப்பை மட்டும் மாற்றும் இடத்தில் மேப் வேண்டாம், மேப்வேல்யூஸ் போடுங்கள். மேப் போட்டால் சாவி மாறியிருக்கலாம் என்று கருதி ஸ்பார்க் பார்ட்டிஷனரைக் கைவிட்டுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை லீனியேஜ், அதாவது ஒவ்வொரு ஆர்டிடியும் (பல இயந்திரங்களில் பரவிய ஸ்பார்க்கின் தரவுத் தொகுப்பு) வந்த வழி. ஓர் எக்ஸிக்யூட்டர் (மற்ற இயந்திரங்களில் கணக்கைச் செய்யும் நிரல்) விழுந்தால் இழந்ததை மறுபடி உண்டாக்க உதவுவது அதுதான். ஸ்பார்க்கின் அருமையான யோசனையும் அதுவே. ஆனால் நூற்றுக்கணக்கான சுற்றுகள் போனால் அந்தச் சங்கிலியைத் தொடர்ந்து நடக்கும்போதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பிழையோடு ஜாப் நிற்கும். டிரைவருக்கு நினைவகம் கூட்டுவதால் இது தீராது. மருந்து செக்பாயின்ட், அதாவது தரவை வட்டில் எழுதிச் சங்கிலியை அங்கேயே வெட்டுவது. ஸ்பார்க்கின் இயந்திரக் கற்றல் நூலகமான எம்எல்லிப்பில், பரிந்துரைகளுக்கான ஏஎல்எஸ் கணக்கின் இயல்பான இடைவெளி 10 சுற்று. உங்கள் நிரலுக்கும் அதை ஆரம்பப் புள்ளியாக வைக்கலாம்.

முதலில் செக்பாயின்ட் அடைவை எச்டிஎஃப்எஸ் போன்ற பொது இடத்தில் அமைக்க வேண்டும். ஆர்டிடியில் பெர்சிஸ்ட், செக்பாயின்ட், ஆக்‌ஷன் என்ற வரிசை மாறக்கூடாது. பெர்சிஸ்ட் இல்லாமல் செக்பாயின்ட் மட்டும் போட்டால் எழுதுவதற்காகவே முழுக் கணக்கும் இரண்டாம் முறை ஓடும். லோக்கல்செக்பாயின்ட் வேகமானது, ஆனால் எக்ஸிக்யூட்டர் போனால் தரவும் போச்சு. எக்ஸிக்யூட்டர்களைத் தானே கூட்டிக் குறைக்கும் டைனமிக் அலொகேஷன் இருக்கும் கிளஸ்டரில் அதைத் தொடாதீர்கள்.

டேட்டாஃப்ரேமில் (ஸ்பார்க்கின் அட்டவணை வடிவத் தரவு) லூப் எழுதுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கேஷ் செய்தாலும் தர்க்கத் திட்டம் (என்ன கணக்கிட வேண்டும் என்ற படிவரிசை) சுற்றுக்குச் சுற்று வளர்கிறது. எக்ஸிக்யூட்டர்கள் சும்மா இருக்க, டிரைவர் மட்டும் திட்டத்தை அலசிக்கொண்டிருக்கும். எழுதியே ஆக வேண்டுமென்றால், டேட்டாஃப்ரேமின் செக்பாயின்ட் புதிய டேட்டாஃப்ரேமைத் திருப்பித் தருகிறது என்பதை மறக்க வேண்டாம். அதை மாறியில் வாங்காமல் விட்டால் வட்டில் எழுதிய செலவு மட்டும் மிச்சம், பழைய சங்கிலி அப்படியே தொடரும். ஷஃபிள் பார்ட்டிஷனின், அதாவது ஷஃபிளில் தரவு பிரியும் பகுதிகளின் இயல்பு எண் 200. சிறிய தரவுக்கு அதைக் குறைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பலன் தெரியும்.

கே-மீன்ஸ் மையங்களை பிராட்காஸ்ட்டில் (எல்லா எக்ஸிக்யூட்டருக்கும் ஒரு நகல்) அனுப்பி, சுற்று முடிந்ததும் பழையதை விடுவித்துவிடுங்கள். ரேண்டம் எண் வரும் இடத்தில் பார்ட்டிஷனுக்கொரு சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு பார்ட்டிஷன் மறுபடி கணக்கிடப்படும்போது வேறு விடை வந்து, நடுவிலேயே தரவு மாறிவிடும். விடை நிலைத்துவிட்டதா என்ற சோதனையும் ஒரு ஜாப்தான். அதை ஐந்து சுற்றுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

இதே போன்ற இன்னொரு மென்பொருளான ஃபிளிங்க் இந்த விஷயத்தில் வேறு வழியில் போனது. அதன் டேட்டாசெட் ஏபிஐயில் (நிரல் எழுதுவோருக்கான கட்டளைத் தொகுதி) சுழற்சி என்பதே கட்டமைப்பின் ஒரு பகுதியாக இருந்தது. மாறியவற்றை மட்டும் அடுத்த சுற்றுக்கு அனுப்பும் டெல்டா இட்டரேஷனும் இருந்தது. கிராஃப் கணக்குகளுக்கு அழகான வடிவம் அது. 2025-இல் வந்த ஃபிளிங்க் 2.0 அந்த ஏபிஐயையே நீக்கிவிட்டது, எனவே புதிதாகத் தொடங்குவோர் அதை நம்பிப் போக முடியாது.

ஸ்பார்க்கிலேயே தங்குபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இயல்பான அமைப்பில் செக்பாயின்ட் கோப்புகள் தானாக அழிவதில்லை. ஜாப் முடிந்ததும் அந்த அடைவைக் காலி செய்ய ஒரு வரி எழுதிவையுங்கள்.