மண்டி போட்ட ஜீப்: ஆறு வருட அனுபவம்

காலையில் பல் விளக்க முற்றத்துக்குப் போன அப்பா திரும்பி வந்து, "தம்பி, உன் ஜீப்பு மாடு மாதிரி படுத்துக் கிடக்குடா" என்றார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். இரவு நிமிர்ந்து நின்ற வண்டி, சக்கரத்துக்கு மேலே விரல் நுழையாத அளவுக்கு இறங்கியிருந்தது. இலங்கை மலைநாட்டில், எங்கள் நானுஓயாவில் அன்று நல்ல பனி. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

2008இல் செய்த ஆறு சிலிண்டர் டீசல் சொகுசு ஜீப். 2019இல் வாங்கும்போது மீட்டரில் 142,000 கிலோமீற்றர்; இன்று 203,000. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. இந்த வயதுச் சொகுசு ஜீப்புகளுக்கு வரும் வியாதி ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சின், கியர்பெட்டி என்று பெரிய சாமான்களை நினைத்துத்தான் நானும் பயந்தேன். என்னை வழியில் நிறுத்தியதெல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும்.

முதலில் காற்று சஸ்பென்ஷன். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பை. காற்றை அடைத்து வண்டியைத் தூக்கி வைக்கும். தேயிலைத் தோட்டத் துரைக்கு முப்பது வருடம் ஜீப் ஓட்டிய அப்பாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. பட்டை ஸ்பிரிங் உடைந்தால் கயிற்றைக் கட்டியாவது தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ஆள். "காத்த நம்பி யாராச்சும் வண்டி வாங்குவானா?" என்பார்.

பை மடிகிற இடத்தில்தான் வெடிப்பு விழும். சாதாரண உயரத்தில் அது மடிப்புக்குள் மறைந்துவிடும். வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றினால்தான் கண்ணில் படும். சவுக்காரத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் தலையை நீட்டாதீர்கள். பை விட்டால் இரண்டரை டன் மேலே வந்து உட்காரும். ஒரு பைதானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது என் பிழை. கசிவை ஈடுகட்ட, பைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியது. எங்கள் உயரத்தில் காற்று கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு ஐதாக இருக்கிறது, போதாததற்கு ஈரம். காற்றை உலர்த்தும் குருணை நனைந்து, மூன்றாம் மாதம் கம்ப்ரஸரும் கருகியது. பைக்கு ஆகியிருக்கும் செலவைப்போல மூன்று மடங்கு.

அதற்குள் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கழற்றிய பழைய சாமானுக்கே காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. வண்டியின் உயரத்தை அளக்கும் ஒரு ஹைட் சென்சருக்காக ஐந்து வாரம் ஜீப் கராஜில், நான் பஸ்ஸில்.

அடுத்தது தண்ணீர்ச் சூடு. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று நுவரெலியாவுக்கு வந்தால், 500 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 1,900க்கு ஏறுகிறோம். கடைசிப் பகுதி முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் ரம்பொடை தாண்டியதும் ஏசி வழியாக வெல்லப்பாகு கருகியது போல ஓர் இனிப்பு வாசனை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் வாசனை அது. எனக்குத் தெரியவில்லை; பக்கத்தில் யாரோ தொதல் கிண்டுகிறார்கள் என்று நினைத்தேன். சூட்டு முள் அசையாமல் நடுவில்தான் நின்றது. இந்த முள் ஒரு பொய்யன். அளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நின்றுவிட்டு, காரியம் கெட்ட பிறகுதான் எழும்பும்.

எஞ்சின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நூல் அளவு வெடித்திருந்தது. கசிந்தது சூட்டிலேயே ஆவியாகிவிட்டதால் நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் தாக்குப்பிடிக்கிறது. அழுத்தம் கசிந்தால் மலையில் அவகாசம் குறைவு. அன்று ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, ஓடைத் தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே அதை வடித்துச் சரியான கலவை ஊற்றச் சொன்ன கராஜ் பாஸ், "குழாய் ஒன்னு போனா கூட்டாளிகளும் போயிரும்" என்று தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார். இப்போது டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்கேனர் செருகி, போனில் உண்மையான சூட்டைப் பார்த்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

மூன்றாவதை யாரும் சொல்லித்தரவில்லை. கூரையில் திறக்கும் கண்ணாடியான சன்ரூஃபுக்கு மூலைக்கு ஒரு வடிகுழாய் இருக்கிறது. எங்கள் வீட்டு சவுக்கு மரத்துச் சருகு மக்கிப்போய் முன்பக்கக் குழாய் அடைத்துக்கொண்டது. பெருமழைக்கு அடுத்த நாள் பிரேக், கியர், சஸ்பென்ஷன் என்று எல்லா விளக்கும் எரிந்தன. கார்பெட்டைத் தூக்கினால் அடியில் ஸ்பொன்ஜ் தேயிலைக் கொழுந்து மூட்டை போல நனைந்து கனத்தது. வயர் முடிச்சில் பச்சைக் களிம்பு. இப்போது மாதம் ஒரு முறை நைலோன் தூண்டில் நூலை மெதுவாக விட்டு, அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்ப்பேன். காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், குழாய் உள்ளே கழன்றுவிடும். நல்ல பற்றரியும் முக்கியம். அது சோர்ந்தாலும் இதே விளக்கு அலங்காரம்தான்.

பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம்; ஈரத்தை இழுத்த எண்ணெய் இறக்கத்தில் கொதித்தால் மிதி தரையைத் தொடும். இறக்கத்தில் கியரைக் குறைத்துத்தான் இறங்குகிறேன். ஆயுளுக்கும் போதும் என்று சொல்லும் கியர் எண்ணெயை நான் மாற்றிவிட்டேன்.

வாங்குவதென்றால் விடிகாலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். எனக்கு விற்றவர் நான் போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி, வண்டியை நன்றாகத் தூக்கி நிறுத்தியிருந்தார். எவ்வளவு கம்பீரம் என்று நானும் படம் பிடித்தேன். இதுவரை செலவு, வாங்கிய விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. விற்பாயா என்று கேட்கிறார்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியும் முன் மூடுபனியில் ஒரு தடவை ஏறி வந்தால், அந்தப் பேச்சு எனக்குக் காதில் விழுவதில்லை.

அப்பா இப்போது தினமும் பல் விளக்கப் போகும்போது சக்கரத்துக்கு மேலே நான்கு விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார். இன்று பின்பக்கம் மூன்று விரல்தான் போனதாம். சவுக்காரத் தண்ணீர் கரைத்து வைத்திருக்கிறேன்.